ரொபர்ட்டோ கிளெமென்டே: களத்தில் ஈட்டிய புகழா, மரணம் கொடுத்த புகழா?

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

பேஸ்பாலின் தலைசிறந்த வீரர்களை யார் வரிசைப்படுத்தினாலும் அதில் ரொபர்ட்டோ கிளெமென்டேயின் பெயர் இடம்பெற்றுவிடுகிறது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற ஒரே அணிக்காக 1955 முதல் 1972 வரை 18 பருவங்கள் ஆடிய அவர், 2,433 ஆட்டங்களில் சரியாக 3,000 ஹிட்களும் (ஒரு பேஸையாவது அடைய வைத்த அடிகள்) 240 ஹோம் ரன்களும் (நான்கு பேஸ்களையும் சுற்றிவர வைத்த அடிகள்) எடுத்து, 0.317 என்ற பேட்டிங் சராசரியை, அதாவது அடிக்கும் வாய்ப்புகளில் ஹிட்டானவற்றின் பங்கை, விட்டுச் சென்றார். இவை உயர்ந்த எண்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதே காலத்தில், முதன்மை லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அதே நேஷனல் லீகில், வலது வெளிக்களமான அதே ரைட் ஃபீல்டில் ஆடிய ஹேங்க் ஆரன் 755 ஹோம் ரன்கள் எடுத்தார். வில்லி மேஸ் 660 எடுத்தார். பந்தெறிபவரான பிட்சர் தவறாக வீசும் பந்துகளை விட்டுவிட்டு 'வாக்' பெற்று முதல் பேஸுக்குச் செல்லும் பொறுமையும் கிளெமென்டேயிடம் குறைவு. தம் வாழ்நாள் முழுவதிலும் 621 முறைதான் அவர் அவ்வாறு சென்றார்.

ஆகவே என் கேள்வி இது. நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் 1972 டிசம்பர் 31 அன்று கடலில் விழுந்து, 38 வயதில் அவர் இறந்திராவிட்டால், இன்று அவரை இத்தனை உயரத்தில் வைத்திருப்போமா? ஒரு மனிதரின் நற்செயலை மதிப்பது வேறு, அவருடைய ஆட்டத்தை அளப்பது வேறு. இரண்டையும் கலந்துவிடாமல் பேச விரும்புகிறேன்.

எட்டாம் இன்னிங்ஸ் எழுதியது:

எண்களிலிருந்தே தொடங்குவோம். 240 ஹோம் ரன்கள் என்பதைச் சொல்லும்போது அவை எந்த மைதானத்தில் எடுக்கப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். 1970ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை பைரேட்ஸ் அணியின் சொந்தக் களமாக இருந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்டில், இடது எல்லை 365 அடி தூரத்திலும் இடது நடு எல்லையின் மிகத் தொலைவான பகுதி 457 அடி தூரத்திலும் இருந்தன. வலக்கை மட்டையாளர் ஒருவர் அங்கே ஹோம் ரன்களைக் குவிக்க முனைவது வீண் வேலை என்பதைக் கிளெமென்டே விரைவிலேயே உணர்ந்து, பந்தைக் களத்தின் எல்லாத் திசைகளுக்கும் தாழ்வாகவும் வேகமாகவும் அடித்துவிட்டு ஓடும் முறையைக் கைக்கொண்டார். அவர் எடுத்த, மூன்றாம் பேஸ் வரை ஓடவைத்த 166 டிரிபிள்கள் அந்த முறையின் விளைவு. 1961இல் 0.351, 1964இல் 0.339, 1965இல் 0.329, 1967இல் 0.357 என்று நான்கு முறை நேஷனல் லீகின் பேட்டிங் பட்டத்தை வென்றார். அணி அவரிடம் ஹோம் ரன்களைக் கேட்ட 1966இல் 29 எடுத்துக் காட்டி, 119 ரன்களுக்கு வழிசெய்து, லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதையும் பெற்றார்.

'வாக்' பற்றிய உங்கள் குறை உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கழுத்தளவுக்கு வந்த பந்தையும் கணுக்காலளவுக்கு வந்த பந்தையும் ஹிட்டாக்கத் தெரிந்த ஒருவரிடம், அவற்றை விட்டுவிடச் சொல்வது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது எனக்கு விளங்கவில்லை. 1970 ஆகஸ்டில், 36ஆம் வயதை எட்டிய நாள்களில், லாஸ் ஏஞ்சலிஸில் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் ஐந்தைந்தாகப் பத்து ஹிட்கள் எடுத்தார். அவற்றில் முதல் ஆட்டம் 16 இன்னிங்ஸ் நீண்டது.

இவையெல்லாம் மட்டையின் கணக்கு. அவருடைய பெருமையில் பாதி ரைட் ஃபீல்டில் இருந்தது. கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்குச் சொல்வதென்றால், டீப் மிட்விக்கெட் எல்லையிலிருந்து உடலை முழுவதும் திருப்புவதற்கு முன்பே எறியப்பட்ட பந்து ஒரு தடவைகூடத் தரையில் படாமல் ஸ்டம்புக்கு மேல் வந்து சேர்வதை எண்ணிப் பாருங்கள். வெளிக்களத்திலிருந்து எறிந்து ஓட்டக்காரர்களை வீழ்த்த உதவிய கணக்கில் அவருக்கு 266 இருக்கின்றன. 1961 முதல் 1972 வரை ஆண்டு தவறாமல், சிறந்த களத்தடுப்புக்கான 12 கோல்ட் கிளவ் விருதுகள் கிடைத்தன. ஆனால் அந்தக் கையின் உண்மையான மதிப்பு பதிவேட்டில் ஏறாத இடத்தில் இருக்கிறது. இரு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் 1971ஆம் ஆண்டு ஆறாவது ஆட்டத்தில், ஒன்பதாம் இன்னிங்ஸில் ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, பால்டிமோர் அணியின் டான் புஃபோர்டு ரைட் ஃபீல்டு மூலைக்கு அடித்தார். முதல் பேஸிலிருந்த மார்க் பெலாஞ்சர் வெற்றி ரன்னை எடுத்திருக்க வேண்டிய அடி அது. கிளெமென்டேயின் எறி வந்த வேகத்தால் அவர் மூன்றாம் பேஸிலேயே நின்றுவிட்டார். அதற்கு ஸ்கோர்கார்டில் எந்தக் கட்டமும் இல்லை. (அந்த ஆட்டத்தை அடுத்த இன்னிங்ஸில் பால்டிமோரே வென்றது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.)

அந்தத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் ஹிட் எடுத்து, 0.414 சராசரியுடன், 37 வயதில் தொடரின் சிறந்த வீரரானார். கடைசி ஆட்டம் 2-1 என்று முடிந்தது. அந்த இரண்டில் ஒன்று அவருடைய ஹோம் ரன். இவை எல்லாம் நடந்தபோது எந்த விமானமும் விழுந்திருக்கவில்லை.

நூலகத்துத் தூசி எழுதியது:

ஆட்டத்தின் அளவைப் பற்றி மேலே எழுதியவர் நன்றாகவே எழுதிவிட்டார். கிளெமென்டே எங்கிருந்து வந்தார் என்பதையும் இழையில் பதிவு செய்வது பயனுள்ளது. போர்ட்டோ ரிக்கோவின் கரோலினா நகரத்தில் 1934 ஆகஸ்ட் 18 அன்று பிறந்த கிளெமென்டே, கடைக்குட்டியாக வளர்ந்தவர். தந்தை மெல்கோர் கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வையாளர். 1952இல் சான்டுர்சே அணி அவரை வாரத்துக்கு 40 டாலர் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டது.

1954 பிப்ரவரியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 10,000 டாலர் ஊக்கத்தொகையும் 5,000 டாலர் சம்பளமும் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்தது. அக்காலத்தில் ஒரு விதி இருந்தது: 4,000 டாலருக்கு மேல் ஊக்கத்தொகை பெற்ற இளைஞரை முதன்மை அணியில் வைத்துக்கொள்ளாமல் கீழ்நிலை அணிக்கு அனுப்பினால், பருவம் முடிந்ததும் வேறு அணி அவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். டாட்ஜர்ஸ் அவரை மான்ட்ரியல் ராயல்ஸ் அணிக்கு அனுப்பியது. அங்கே 87 ஆட்டங்களில் மட்டுமே இறங்கி 0.257 சராசரி எடுத்தார். பிற அணிகளின் கண்ணில் படாமல் அவரை 'ஒளித்து' வைத்தார்கள் என்ற கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. பின்னாளில் ஆட்டப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்த ஆய்வாளர்கள், பருவத்தின் பிற்பகுதியில் இடக்கைப் பிட்சர்களுக்கு எதிராக அவர் ஒழுங்காகவே ஆடவைக்கப்பட்டார் என்று காட்டி அக்கதையைப் பெருமளவு தளர்த்திவிட்டனர். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. 20 வயதை எட்டாத, வேற்று மண்ணுக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞருக்குத் தடுமாற்றம் இருப்பதற்குச் சதித்திட்டம் தேவையில்லை.

எப்படியோ, 1954 நவம்பரில் கடைசி இடத்தில் இருந்த பைரேட்ஸ் முதல் வாய்ப்பில் அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்போது பைரேட்ஸின் பொது மேலாளர் பிராஞ்ச் ரிக்கி. சில ஆண்டுகளுக்கு முன், 20ஆம் நூற்றாண்டில் முதன்மை லீகில் ஆடிய முதல் கறுப்பு வீரரான ஜாக்கி ராபின்சனை டாட்ஜர்ஸுக்குக் கொண்டுவந்தவரும் இவரே. அதே டாட்ஜர்ஸிடமிருந்து அவர் கிளெமென்டேயைக் கொண்டுபோனார். 1955 ஏப்ரல் 17 அன்று கிளெமென்டே முதன்முதலாக முதன்மை லீகில் மட்டை பிடித்ததும் டாட்ஜர்ஸுக்கு எதிராகத்தான்.

முல்லைக்கொடி எழுதியது:

இழையைத் தொடங்கிய நண்பர் ஒன்றைத் தலைகீழாகப் பார்க்கிறார் என்று எண்ணுகிறேன். மரணம் கிளெமென்டேயின் புகழை மிகைப்படுத்தியதா என்று கேட்கிறார். மரணம் அவருடைய கோபத்தை அழித்துவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கிளெமென்டே ஒரு புன்னகைக்கும் புனிதர். உயிரோடிருந்த கிளெமென்டேயைப் பிட்ஸ்பர்க் பத்திரிகையாளர்கள் எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள். அவர் பேசிய ஆங்கிலத்தைக் கொச்சை உச்சரிப்போடு எழுத்துக்கு எழுத்து அச்சிட்டு வாசகர்களைச் சிரிக்க வைத்தார்கள். அதே பக்கத்தில் வெள்ளை வீரர்களின் பேச்சு இலக்கணத்தோடு திருத்தப்பட்டு வந்தது. அவர் தம்மை ரொபர்ட்டோ என்று சொல்லிக்கொண்டே இருக்க, 1969 வரைக்கும் அவருடைய பேஸ்பால் அட்டைகளில் 'பாப் கிளெமென்டே' என்றே போட்டார்கள். முதுகு வலிக்கிறது என்று சொன்னால் இல்லாத நோயைக் கற்பனை செய்கிறார் என்றார்கள். 1954 குளிர்காலத்தில், போர்ட்டோ ரிக்கோவில் குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் அவருடைய வண்டியில் மோதியதில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, அந்த வலியோடுதான் அவர் ஆட்டவாழ்வு முழுவதும் ஆடினார். நோயைக் கற்பனை செய்துகொள்ளும் சோம்பேறி 2,433 ஆட்டங்கள் ஆடுவாரா?

ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் நகரத்தில் வசந்தகாலப் பயிற்சி நடந்தபோது, வெள்ளை வீரர்கள் வழியில் உணவகத்துக்குள் சென்று உண்ண, கறுப்பு வீரர்கள் பேருந்திலேயே காத்திருந்து, அவர்கள் கொண்டுவந்து கொடுப்பதைச் சாப்பிட வேண்டியிருந்தது. கிளெமென்டே அப்படிச் சாப்பிட மறுத்தார். கறுப்பு வீரர்களுக்குத் தனி வண்டி ஏற்பாடு செய்யும்படி நிர்வாகத்திடம் கேட்டுப் பெற்றார். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது, ஹூஸ்டனில் நடக்கவிருந்த தொடக்க ஆட்டத்தை அவருடைய இறுதிச் சடங்குக்கு முன் ஆடுவதில்லை என்று பைரேட்ஸ் வீரர்கள் முடிவெடுத்தார்கள். அதற்கான அறிக்கையைக் கிளெமென்டேயும் வெள்ளை வீரரான டேவ் விக்கர்ஷாமும் சேர்ந்து எழுதினார்கள், ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கிங் அவருக்கு நேரில் அறிமுகமானவர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தமக்கு உரியதை வாய்விட்டுக் கேட்ட மனிதர் அவர். பிறருக்கு உரியது போய்ச் சேராதபோது தாமே விமானம் ஏறியதும் அதே குணத்தின் செயல்தான். களத்துக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்று பிரித்துப் பார்த்தால் இரண்டு பேருமே நமக்குப் புரியமாட்டார்கள்.

கடலோரன் எழுதியது:

முல்லைக்கொடி அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1969 டிசம்பரில் வீரர்கள் சங்கத்தின் நிர்வாகக் குழு சான் ஹுவானில் கூடியது. தம்மைக் கேட்காமலே செயின்ட் லூயிஸிலிருந்து பிலடெல்பியாவுக்கு மாற்றியதை எதிர்த்து வழக்குத் தொடரப்போவதாகக் கர்ட் ஃபிளட் அந்தக் கூட்டத்தில்தான் அறிவித்து ஆதரவு கேட்டார். ஒரு வீரரை வாழ்நாள் முழுவதும் ஒரே முதலாளிக்குக் கட்டிப்போட்ட 'ரிசர்வ் விதி'க்கு எதிரான போராட்டம் அது. பைரேட்ஸ் வீரர்களின் பிரதிநிதியாக அங்கே அமர்ந்திருந்த கிளெமென்டே அவரை ஆதரித்துப் பேசினார். அப்போது கிளெமென்டே நட்சத்திர வீரர். நல்ல சம்பளம் வாங்கியவர். வழக்கால் அவருக்குத் தனிப்பட்ட ஆதாயம் ஏதும் இல்லை. புகழுரைகளில் இந்தக் கூட்டம் ஏனோ ஒரு வரிகூடப் பெறுவதில்லை.

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

நல்ல பதிவுகள், நன்றி. ஆனால் கோபத்துக்கெல்லாம் நியாயம் இருந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1960இல் பைரேட்ஸ் வேர்ல்ட் சீரிஸை வென்றது. அந்த ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரர் வாக்கெடுப்பில் சக அணி வீரர் டிக் க்ரோட் முதலிடமும் டான் ஹோக் இரண்டாமிடமும் பெற, கிளெமென்டே எட்டாமிடத்துக்குப் போனார். அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை; அந்த வெற்றியின் மோதிரத்தை அணியவே இல்லை என்றும் சொல்வார்கள். க்ரோட் அந்த ஆண்டு 0.325 சராசரியுடன் பேட்டிங் பட்டம் வென்றவர், அணித் தலைவர். அவருக்கு விருது கிடைத்ததில் அநீதி எங்கே இருக்கிறது?

முல்லைக்கொடி எழுதியது:

க்ரோட் வென்றதில் அநீதி இல்லை. கிளெமென்டே எட்டாவதாகப் போனதில் இருக்கிறது. 0.314 சராசரி, அணியிலேயே மிகுதியாக 94 ரன்களுக்கு வழிசெய்த மட்டை, லீகின் மிகச் சிறந்த எறிகை. முதலிடம் ஏன் இல்லை என்று கேட்பதைவிட, தம் அணியிலேயே வேறு மூவருக்கும் பிற அணிகளில் நால்வருக்கும் பின்னால் தம்மை ஏன் வைத்தார்கள் என்று அவர் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்விதான். அந்த வேர்ல்ட் சீரிஸிலும் ஏழு ஆட்டங்களிலும் ஹிட் எடுத்தவர் அவர். ஆனால் நினைவில் நின்றது பில் மசரோஸ்கியின் கடைசி ஹோம் ரன் ஒன்றே.

இன்னொரு நிகழ்வையும் சொல்கிறேன். 1972 செப்டம்பர் 29 அன்று, 2,999 ஹிட்களோடு நியூயார்க் மெட்ஸ் அணியின் பிட்சர் டாம் சீவரை எதிர்கொண்டபோது அவர் அடித்த பந்தை இரண்டாம் பேஸ் காவலர் சரியாகப் பிடிக்கவில்லை. அரங்கம் ஹிட் என்று ஆர்ப்பரித்தது. அதிகாரபூர்வப் பதிவாளர் 'பிழை' என்று தீர்ப்பெழுதினார். ஆட்டம் முடிந்ததும் கிளெமென்டே கொதித்தார், பல பருவங்களாகத் தம் ஹிட்களைத் திருடுகிறார்கள் என்ற பொருளில் பேசினார். மறுநாள், 13,117 பேர் மட்டுமே வந்திருந்த த்ரீ ரிவர்ஸ் அரங்கத்தில், ஜான் மேட்லாக்கின் பந்தை இடது நடுக்களத்துக்கு அடித்து, இரண்டாம் பேஸை அடையும் டபுள் எடுத்தார். அதுவே 3,000. அந்த எண்ணை எட்டிய பதினோராவது வீரர் அவர். அது அவருடைய கடைசி ஹிட் என்று பலர் எழுதுகிறார்கள். வழக்கமான பருவக் கணக்கில் கடைசி என்பதே சரி. அக்டோபரில் சின்சினாட்டிக்கு எதிரான பிளேஆஃபில் ஹிட்களும் ஒரு ஹோம் ரன்னும் எடுத்திருக்கிறார்.

கடலோரன் எழுதியது:

பலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். அந்த விமானத்தில் அவர் ஏறியிருக்கக் கூடாது. நல்ல நோக்கம் இருந்தது என்பதற்காக அந்த முடிவை நாம் ஆராயாமல் விட்டுவிடுகிறோம்.

நடந்ததைப் பாருங்கள். டிசம்பர் 23 நள்ளிரவுக்குப் பின் நிகராகுவாவின் தலைநகர் மனாகுவா நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் கிளெமென்டே போர்ட்டோ ரிக்கோவின் அமெச்சூர் அணிக்கு மேலாளராக அந்நகரத்தில் தங்கியிருந்தார். கால்களை இழந்த ஒரு சிறுவனுக்குச் செயற்கைக் கால்கள் பொருத்த அங்கே உதவியும் செய்திருந்தார். ஆகவே அவருக்கு அது தெரிந்த முகங்களின் துயரம். சான் ஹுவானில் நிவாரணக் குழுவுக்குத் தலைமையேற்று, வீடு வீடாகவும் தொலைக்காட்சி வழியாகவும் கேட்டுப் பொருள் திரட்டினார். முதலில் அனுப்பியவை நிகராகுவாவின் சர்வாதிகாரி சோமோசாவின் தேசியக் காவற்படையினர் கையில் சிக்கி மக்களைச் சென்றடையவில்லை என்ற செய்தி வந்ததும், தாம் நேரில் நின்றால் அப்படி நடக்காது என்று முடிவு செய்தார்.

இதுவரைக்கும் சரி. ஆனால் அமர்த்தப்பட்ட டி.சி.-7 விமானம், அதே டிசம்பர் 2 அன்று தரையில் ஓடும்போது காங்கிரீட் பள்ளத்தில் இறங்கி புரொப்பல்லர்கள் சேதமான பழைய விமானம். உரிமையாளரே துணை விமானியாக அமர்ந்தார். அவருக்கு அவ்வகை விமானத்தை ஓட்டும் தகுதிச் சான்று இல்லை. ஏற்றப்பட்ட சுமை அனுமதித்த அளவைவிட 4,000 பவுண்டுக்கும் மேல் கூடுதல். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு புறப்பட்ட விமானம் சில நிமிடங்களில் இஸ்லா வெர்டே கரைக்கு அப்பால் கடலில் விழுந்து, ஐவரும் மாண்டனர். மூன்று சிறு பிள்ளைகளின் தந்தை அவர். மனைவி வேராவும் வேறு சிலரும் தயங்கியதாகவும் தெரிகிறது. துணிவு என்பதற்கும் கவனமின்மை என்பதற்கும் இடையே கோடு இல்லையா?

நூலகத்துத் தூசி எழுதியது:

கடலோரன் அவர்களே, கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை யார் காத்திருக்க வேண்டும் என்பதை நீதிமன்றங்களே விசாரித்தன. அந்த வழக்கை நீங்கள் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

இறந்தவர்களின் குடும்பங்கள் அமெரிக்க அரசின் மீது வழக்குத் தொடுத்தன. அவர்களுடைய வாதம் எளிமையானது. இத்தகைய பெரிய விமானங்களை முறையான உரிமமின்றி வாடகைக்கு விடுவோரைக் கண்காணித்து, புறப்படுவதற்கு முன் விமானத்தையும் விமானிகளின் சான்றுகளையும் சோதிக்க வேண்டும் என்று, விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் அலுவலர்களுக்கு உள்ளாணை பிறப்பித்திருந்தது. சான் ஹுவான் விமான நிலையத்தில் அந்தச் சோதனை நடக்கவில்லை. நடந்திருந்தால் சுமையும் தகுதியற்ற துணை விமானியும் வெளிப்பட்டு, கிளெமென்டேயிடம் யாரேனும் எச்சரித்திருப்பார்கள். மாவட்ட நீதிமன்றம் இதை ஏற்று அரசு கவனக்குறைவாக நடந்தது என்று தீர்ப்பளித்தது. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது: ஓர் உள்ளாணை என்பது அலுவலர்கள் தம் மேலிடத்துக்குக் கடமைப்பட்டிருப்பதைக் காட்டுமே தவிர, பயணிகளைக் காக்கும் சட்டக் கடமையை உருவாக்காது என்றும், விமானத்தின் பாதுகாப்புக்கு விமானியும் இயக்குபவருமே பொறுப்பு என்றும் கூறியது. உச்ச நீதிமன்றமும் அந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

சட்டப்படி அது சரியான தீர்ப்பாக இருக்கலாம். ஆனால் பேஸ்பால் வீரர் ஒருவர் என்ஜினைத் திறந்து பார்த்து முடிவெடுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. அவர் பொருள்களை அடுக்கி ஏற்றுவதைப் பார்த்தார். விமானத்தின் எடைக் கணக்கை எழுதுவது அவருடைய வேலை அல்ல.

எட்டாம் இன்னிங்ஸ் எழுதியது:

இருவருக்கும் நடுவில் நின்று ஒன்றைச் சொல்கிறேன். அவர் அவசரப்பட்டார் என்பது உண்மை. மாலை முழுவதும் தாமதமாகிக்கொண்டே இருந்தும் அன்றைக்கே போக வேண்டும் என்று நின்றார். ஆனால் அது களத்தில் அவர் ஆடிய விதத்துக்கு அந்நியமானது அல்ல. 1956 ஜூலை 25 அன்று சிகாகோ கப்ஸுக்கு எதிராக மூன்று பேஸ்களும் நிரம்பியிருக்க, பந்து மைதானத்துக்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தபோது, மூன்றாம் பேஸில் நின்றுகொள்ளும்படி மேலாளர் கை காட்டியும் நிற்காமல் ஓடி, ஹோம் பிளேட்டைத் தொட்டு ஆட்டத்தை 9-8 என்று முடித்துவைத்தவர் அவர். அது நல்லபடியாக முடிந்ததால் நாம் அதைத் துணிவு என்கிறோம்.

அணி வீரர்கள் அவரை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குச் சான்று மேனி சாங்கியென். பனாமாவைச் சேர்ந்த அந்தக் கேட்சர், நினைவுத் திருப்பலிக்கு அணியினர் அனைவரும் சென்றிருந்தபோது அங்கே வராமல், தேடுவோருடன் கடலில் மூழ்கித் தேடிக்கொண்டிருந்தார். கிளெமென்டேயின் உடல் கிடைக்கவேயில்லை.

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்புக்கு வருவோம். ஓய்வுபெற்று ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற விதியை அவருக்காகத் தளர்த்தி, 1973 மார்ச்சில் தனி வாக்கெடுப்பு நடத்தினார்கள். 424 பேரில் 393 பேர் ஆதரித்தனர். அவ்வாறு லத்தீன் அமெரிக்க வீரர்களுள் முதலாவதாக அவர் உள்ளே சென்றார். ஆதரிக்காதவர்களில், அவருடைய தகுதியை ஏற்றுக்கொண்டே, விதியைத் தளர்த்தக் கூடாது என்று கருதியவர்களும் இருந்தார்கள். நானும் அவர்களோடு நின்றிருப்பேன். 3,000 ஹிட்களும் 12 கோல்ட் கிளவ்களும் ஐந்தாண்டுகளில் கரைந்துவிடப் போவதில்லை. 1978இல் சாதாரண வழியில் உள்ளே சென்றிருந்தால், நான் தொடக்கத்தில் எழுப்பிய ஐயமே யாருக்கும் எழுந்திருக்காது.

இன்னொன்று. ஜாக்கி ராபின்சனின் சட்டை எண்ணான 42ஐ இனி யாரும் அணியாதபடி 1997இல் எல்லா அணிகளிலும் நிறுத்தியதைப் போல, கிளெமென்டேயின் 21ஆம் எண்ணையும் நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையைப் பற்றி உறுப்பினர்கள் என்ன எண்ணுகிறார்கள்?

முல்லைக்கொடி எழுதியது:

விதியைத் தளர்த்தியதில் எனக்கு வருத்தமில்லை. 1939இல் நோயுற்ற லூ கெரிக்குக்குத் தளர்த்தியவர்கள் அவர்கள்தாம். என் வருத்தம் அந்த நினைவுப் பலகையைப் பற்றியது. 'ரொபர்ட்டோ வாக்கர் கிளெமென்டே' என்று அதில் பொறித்தார்கள். தந்தைவழிப் பெயர் முன்னும் தாய்வழிப் பெயர் பின்னும் வருவது அவர்கள் மரபு என்பதால், 'கிளெமென்டே வாக்கர்' என்று இருந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில்தான் திருத்தினார்கள். 'பாப்' என்று அழைக்காதீர்கள் என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவருக்கு, இறந்த பிறகும் பெயர் சரியாக எழுதப்பட 27 ஆண்டுகள் ஆயின.

21ஆம் எண்ணைப் பொறுத்தவரை, பைரேட்ஸ் 1973இலேயே அதை நிறுத்திவிட்டது. லீக் முழுவதும் நிறுத்த வேண்டும் என்பதற்கு நான் எதிரானவள். 2006இல் ராபின்சனின் மகள் ஷாரன் ராபின்சனும், தம் தந்தைக்குச் செய்தது தனித்தன்மையோடு இருக்கட்டும் என்று கருத்துத் தெரிவித்தார். என் காரணம் வேறு. போர்ட்டோ ரிக்கோவின் பிள்ளைகள் பலர் அவருக்காகவே 21ஐக் கேட்டு வாங்கி அணிந்திருக்கிறார்கள். 2020 முதல், செப்டம்பரில் வரும் கிளெமென்டே நாளன்று போர்ட்டோ ரிக்கோ வீரர்கள் அந்த எண்ணோடு களமிறங்குகிறார்கள். எண்ணைச் சுவரில் மாட்டுவதைவிட முதுகில் பார்ப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

எட்டாம் இன்னிங்ஸ் எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 1971 செப்டம்பர் 1 அன்று பைரேட்ஸ் களமிறக்கிய ஒன்பது பேரும் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்கர். முதன்மை லீகில் அதற்கு முன் அப்படி ஓர் அணி இறங்கியதில்லை. அந்த அணியின் மூத்தவர் கிளெமென்டே. அதே அக்டோபரில் வேர்ல்ட் சீரிஸை வென்ற உடனே தொலைக்காட்சிக் கேமராவின் முன், ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன்பாக ஸ்பானிய மொழியில் தம் பிள்ளைகளுக்கு ஆசி கூறி, பெற்றோரிடம் ஆசி கேட்டார். ராபின்சன் திறந்த கதவு ஒன்று, கிளெமென்டே திறந்தது வேறொன்று. ஒன்றுக்குத் தரும் மரியாதை மற்றொன்றைக் குறைத்துவிடாது என்பதே என் நிலை. ஆனால் முல்லைக்கொடி சொல்லும் 'முதுகில் பார்ப்பது' என்ற காரணத்துக்கு என்னிடம் உடனடி விடை இல்லை.

கடலோரன் எழுதியது:

எண்ணைப் பற்றிய விவாதத்தைவிட, அவர் உண்மையில் கட்ட விரும்பியது என்னவாயிற்று என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏழைப் பிள்ளைகள் ஆடவும் தங்கவும் கரோலினாவில் ஒரு விளையாட்டு நகரம் வேண்டும் என்று உயிரோடிருந்தபோதே பேசிவந்தார். அவர் இறந்த பின் அரசு கொடுத்த 304 ஏக்கர் நிலத்தில் வேராவும் குடும்பத்தினரும் அதை உருவாக்கி நடத்தினார்கள். அங்கே பழகிய பிள்ளைகளில் சிலர் முதன்மை லீக் வரைக்கும் சென்றார்கள். பிறகு பணமின்றி, பராமரிப்பின்றி, புதர் மண்டிப்போயிற்று. 2019இல் வேராவும் காலமானார்.

அண்மைக் காலத்தில் போர்ட்டோ ரிக்கோ அரசு அதன் இடத்தில் புதிய விளையாட்டு வளாகம் ஒன்றை அமைப்பதாகச் சொல்லி, அதற்கு நிதி திரட்ட, கிளெமென்டேயின் உருவம் பொறித்த வாகனப் பதிவு ஒட்டிகளுக்கு 5 டாலரும் சிறப்பு எண் பலகைகளுக்கு 21 டாலரும் வசூலிக்கச் சட்டம் இயற்றியது. தங்களைக் கேட்காமல் தந்தையின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துகிறார்கள் என்று அவருடைய மகன்கள் 2023இல் மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். வாகனம் வைத்திருக்கும் மக்கள் பலர், இந்தப் பணம் குடும்பத்துக்குத்தான் போகிறது என்று தவறாக எண்ணி அவர்கள் மீது கோபப்பட்டார்கள் என்பதும் அவர்களுடைய முறையீட்டில் ஒன்று. வழக்கின் போக்கைத் தொடர்ந்து கவனிப்பவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், அதற்கெனத் தனி இழை தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு வீரரின் பெயருக்கு உரிமையாளர் அவருடைய பிள்ளைகளா, அவரைக் கொண்டாடும் நாடா என்பதை நிவாரண விமானத்தைப் பற்றிய பேச்சோடு சேர்த்து முடித்துவிட முடியாது.